எந்த முருங்கை?

என் மூத்தவன் கைக்குழந்தையாக இருந்தபோது நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. மூச்சு விடும்போதெல்லாம் உள்ளே பூனை உறுமுவது போலச் சத்தம். எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் கொடுத்த சிவப்புத் தண்ணீரில் பாதி அவன் சட்டைக்குத்தான் போனது. பக்கத்து வீட்டில் இருந்த தேயிலை ஆலை டீமேக்கரின் மனைவி வந்து பார்த்தார்.

"கல்யாண முருங்கை இலையில ஒரு பொட்டுச் சாறெடுத்துக் குடுங்க தங்கச்சி. சளி அறுந்து வந்துரும்."

"அது எந்த மரம்க்கா?"

"நல்லாருக்கே! உங்க கல்யாணப் பந்தல்ல நட்டிருப்பாங்களே!"

நட்டிருந்தார்கள். தலையை நிமிர்த்தாமல் உட்கார வேண்டும் என்று சொல்லியிருந்ததால் நான் கம்பின் அடியை மட்டுமே பார்த்தேன். இலை மேலே இருந்திருக்கிறது.

என் கணவர் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிளாக்கர். மாலையில் அவரிடம் கேட்டேன்.

"முள்முருக்கைச் சொல்றாங்க. சிங்களத்துல எரபது. தோட்டத்துத் துரை பங்களா கேட்ல சிவப்பாப் பூக்குதே, அதுதான். துரையோட மரப் புத்தகத்துல எரித்ரைனா இண்டிகா."

"அப்ப தேயிலைக்கு நடுவுல நிழலுக்கு நிக்கிறது?"

"அது டடாப். எரித்ரைனா லித்தோஸ்பெர்மா. வீட்டுப் பேரு ஒன்னு, ஆளு வேற."

"சளிக்கு நல்லதுன்னு போட்டிருக்கா?"

"அழகு மரம்னு போட்டிருக்கு."

டடாப் இலை எங்கள் வாசலிலேயே உரத்துக்காகக் குவிந்து கிடந்தது. ஆனால் பெயர் சரியில்லாத இலையைப் பிள்ளைக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. துரையின் அழகு மரத்தில் கிளாக்கர் இலை பறிப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாது. மறுநாள் மதியம் அவர் குடைக்குள் இலையை ஒளித்துக்கொண்டு வந்தார். வழியில் மழை பிடித்தது. மூடிய குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நனைந்தபடி வந்த கணவரை வாசலில் நின்று பார்த்தபோது, நல்ல இடத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன் என்று தோன்றியது.

அன்றும் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. புத்தகத்துக்கே தெரியாத மருந்தாயிற்றே. அரிசியோடு அரைத்து ஒரு அடை சுட்டு நானே தின்றேன். பிறகு எனக்கு என்ன ஆகிறது என்று கவனித்துக்கொண்டிருந்தேன். தலை வலித்தது போலிருந்தது. அது பயத்தால் வந்ததா, இலையால் வந்ததா என்று தெரியவில்லை.

சாயங்காலம் டீமேக்கர் மனைவி எட்டிப் பார்த்தார். "குடுத்தாச்சா?"

"நான் சாப்பிட்டிருக்கேன்க்கா. எனக்கு ஒன்னும் ஆகலேன்னா நாளைக்கு அவனுக்கு."

அவர் என்னையும் என் மடியில் தூங்கியவனையும் பார்த்தார். "பால் குடுத்தீங்களா?"

"அழுதப்பல்லாம் குடுத்தேன்."

"அப்ப அவனுக்கும் போயிருச்சு!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "படிச்சவங்க வைத்தியமே தனிதான்!"

பிள்ளையை வாரியெடுத்து நெஞ்சில் காதை வைத்தேன். அவன் விழித்தான், இருமினான், பாலும் சளியுமாக என் தோளில் கக்கினான். "வருது பாருங்க!" என்று அவர் கைதட்டினார். நானோ அதில் பச்சை நிறம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உறுமல் குறைந்திருந்தது. மறுநாள் காலையில் சாறு எடுத்தேன். சங்கில் ஊற்றியபின் ஒரு யோசனை வந்தது. அடை வெந்தது, சாறு பச்சை. இரண்டும் ஒன்றாகிவிடுமா? முதலில் ஒரு வாய் நான் குடித்தேன்.