காக்கியில் ஒட்டிய சந்தனம்

அந்த எஸ்.ஐ. அம்மாவை நினைத்தால் முகத்தைவிட முதலில் அவருடைய காக்கிப் பேண்ட்டில் ஒட்டிய சந்தனம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. என் தம்பியின் மொட்டைத் தலைச் சந்தனம் அது.

அப்போது கன்னடம் பேசும் ஊரில், மண்டி மொஹல்லா என்கிற பேட்டையில் எனக்கு இட்லிக் கடை. தம்பி பக்கத்துச் சந்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். கல்யாணம் நிச்சயமானால் முடி தருவதாக மாதேஸ்வரன் மலைக்கு வேண்டியிருந்தவன், நிச்சயமானதும் போய் இறக்கிவிட்டு வந்தான். கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளை மொட்டையாகவா நிற்பது என்று திட்டினேன், எங்கே கேட்டான்! வந்த மறுநாள் மத்தியானம் ஹனூரிலிருந்து பெண் வீட்டார் புடவை எடுக்க வருவதாக இருந்தது. அன்று காலையிலேயே கடை வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது; அந்த எஸ்.ஐ. அம்மாவும் ஒரு ஏட்டையாவும் இறங்கினார்கள்.

முந்தின வாரம் எங்கள் சந்தில் ஒரு கடையை உடைத்தவனை வாட்ச்மேன் கம்பியால் மண்டையில் அடித்திருக்கிறார். தப்பி ஓடியவன் தையல் போட்டுக்கொண்ட ஆஸ்பத்திரியில் சொன்ன பேர் மாதேசு, ஊர் கொள்ளேகால் பக்கம். என் தம்பிக்கும் அதே பேர், அதே பக்கம். எங்கள் பக்கம் அந்தச் சாமி பேர் வைக்காத வீடு எது? ஏட்டையாவுக்கு அதெல்லாம் கணக்கில்லை. "அடையாளத்த மறைக்கத்தான் மேடம் மொட்டை. ஏத்துவோம், ஸ்டேஷன்ல பாத்துக்கலாம்," என்று அவர் கன்னடத்தில் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. அவர் கையிலிருந்த, திருடனின் கேமராப் படத்தில் அடர்ந்த முடிதான் தெரிந்தது, முகம் தெரியவில்லை. "மலைக்கு வேண்டுதலுங்க," என்பதைத் தவிர தம்பிக்கு வேறு பேச்சு வரவில்லை. ஜீப்பில் ஏறிய மாப்பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

அந்த அம்மா அவசரப்படவில்லை. தம்பியை வெளிச்சம் விழும் பெஞ்சில் உட்கார வைத்து, "ஸ்வல்ப குனிப்பா," என்றார். பிறகு பேன் பார்ப்பதுபோலச் சந்தனத்தை விலக்கி விலக்கி உச்சியிலிருந்து பிடரி வரைக்கும் விரலால் தேடினார். தையலும் இல்லை, தழும்பும் இல்லை. ஏட்டையா எதைப் பார்த்துச் சந்தேகப்பட்டாரோ அதே மொட்டைதான் அவனைக் காப்பாற்றியது.

"ஜீப்ல ஏத்தினப்புறம் இவன் இல்லைன்னு நான் சொன்னா, உங்க தெரு நம்புமாம்மா?" என்று என்னிடம் தமிழில் கேட்டார். விரல்களைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பெண் வீட்டார் வந்தபோது தெருவில் ஜீப் இல்லை.

இந்த வருஷம் அதே மலையில் தம்பி மகளுக்கு முடி இறக்கினோம். சந்தனம் பூசியது நான்தான். பூசி முடித்த பிறகும் என் விரல் அந்தச் சின்னத் தலையில் தேடிக்கொண்டே இருந்தது.

"என்னத்த அத்தை தேடறீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு. உங்கப்பன் தலையிலயும் அன்னைக்கு ஒண்ணுமில்ல. அதனாலதான் நீ இருக்கே," என்று சொல்லிவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.