பிள்ளையாருக்கு நேர்ந்த மூன்று பாட்டு

கடந்த ஆண்டு மாசி மாதம், பெரும்போக அறுவடை நடந்துகொண்டிருந்த நாட்களில், கொக்கட்டிச்சோலைக்கு மேற்கே எங்கள் வயல் இருக்கிற வட்டையில், அந்தப் பெரிய வயல்வெளியில், நடந்தது இது. அந்த வட்டையின் நடுவே ஒரு மருத மரமும், அதன் கீழே தகரக் கூரை போட்ட சின்னப் பிள்ளையார் கோயிலும் இருக்கின்றன. விதைக்கும்போதும் வெட்டும்போதும் அவரிடம் சொல்லாமல் நாங்கள் எதுவும் செய்வதில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி, மகளைக் கட்டியவர் எங்கள் வீட்டுக்கு வந்துதான் குடியிருக்கிறார். நல்ல மனிதர். குடி இல்லை, வெற்றிலை கூட இல்லை. ஆனால் அவரோடு ஒரு ரொக் பாட்டுக் குழுவும் சேர்ந்து வந்தது. மருமகன் கிற்றார் அடித்துப் பாடுவார். ட்ரம்ஸ் அடிப்பவர் மேசன் வேலை செய்கிறவர். மூன்றாமவர் கணக்குப் படிப்பிக்கிற வாத்தியார்; நாலே நாலு கம்பி உள்ள ஒரு பெரிய கிற்றாரை வாசிப்பார். பயிற்சி எங்கள் நெல் கொட்டிலில். மூட்டைகள் அடுக்கியிருக்கும் காலத்தில் சத்தம் காதுக்கு இதமாக இருக்கும். கொட்டில் வெறுமையானால் தகரத்தில் பட்டு அதிரும். கோழிகள் முட்டையிட மறந்துவிடும்.

முதலில் எனக்குத் தலையிடிதான். போகப் போகப் பழகிவிட்டது. அவர்களுடைய ஒரு பாட்டு, துறையில் தோணிக்காகக் காத்திருக்கிற ஒருவனைப் பற்றியது, எனக்கே வாயில் வந்துவிட்டது. கறி கிண்டும்போது முணுமுணுப்பேன்.

இவர்களிடம் ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. நல்லது ஏதாவது வாசல்வரை வந்தால் தாங்களே அதைத் துரத்திவிடுவார்கள். அந்தத் தோணிப் பாட்டை இணையத்தில் போட்டார்கள். மட்டக்களப்பு பஸ்ஸில் பிள்ளைகள் அதைக் கேட்கத் தொடங்கினார்கள் என்று தெரிந்ததும் உடனே எடுத்துவிட்டார்கள். டவுனில் ஒரு பெரிய மேடையில் சனம் அதே பாட்டைப் பாடச் சொன்னபோது, ஒப்பாரி மாதிரி இழுத்து இழுத்துப் பாடிவிட்டு இறங்கி வந்தார்கள். ஏன் இப்படி என்று மகள் சண்டை பிடிப்பாள்.

"எல்லாருக்கும் பிடிச்சிட்டுதெண்டா அதில ஏதோ பிழை இருக்கு" என்பார் மருமகன்.

"அப்ப எனக்கு உங்களப் பிடிச்சுத்தானே கட்டினன், அதிலயும் பிழையா?" என்பாள் மகள். அவர் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்குப் போய்விடுவார்.

மாமியும் மருமகனும் நேருக்கு நேர் நின்று கதைப்பது எங்கள் வீட்டில் குறைவு. சோறு போட்டிருக்கிறது என்பதைக்கூட மகள் மூலம்தான் சொல்லி அனுப்புவேன். அதனால் என் ஆதங்கத்தைப் பிள்ளையாரிடம் கொண்டுபோனேன். ஐப்பசியில் விதைத்த அன்று கோயிலில் நின்று நேர்ந்தேன்: 'அப்பனே, இவர்களுக்குக் கொழும்பில் இருந்து ஒரு அழைப்பு வரவேண்டும். வந்தால், வயல் வெட்டிப் பொங்குகிற அன்று இவர்கள் மூவரும் உன் முன்னால் மூன்று பாட்டுப் பாடுவார்கள்.' பாடவேண்டியவர்களிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகும் சொல்லவில்லை.

பதினைந்து நாள் ஆகவில்லை, கொழும்பில் ஒரு தொலைக்காட்சியில் இருந்து போன் வந்தது. நேரடி நிகழ்ச்சி. தோணிப் பாட்டைத்தான் பாடவேண்டும் என்றார்கள். தை மாதத்தில் நாள் குறித்தார்கள். எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

அன்று பின்னேரம் எங்கள் வீட்டில் இருக்க இடமில்லாமல் சனம். நான் பயற்றம் பணியாரம் சுட்டு எல்லோருக்கும் கொடுத்தேன். மருமகன் திரையில் வந்தார். தோணிப் பாட்டின் தொடக்கத்தை அடித்தார். திடீரென்று நிறுத்தினார். பிறகு, இன்னும் எழுதி முடிக்காத வேறொரு பாட்டைத் தொடங்கினார். பாதிக்கு மேல் அதற்குச் சொல்லே இல்லை. எப்படி முடிப்பது என்று மூவருக்கும் தெரியாமல் சுற்றிச் சுற்றி வாசித்தார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டு, தொலைக்காட்சிக்காரர் சவர்க்கார விளம்பரத்தைப் போட்டுவிட்டார்கள். என் கணவர் பணியாரத்தைக் கையில் வைத்தபடி, "இந்தப் பாட்டு நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் விளம்பரப் பாட்டைச் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் திரும்பி வந்த மருமகன் கிற்றாரை உறையில் போட்டு மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தார். குழு முடிந்துவிட்டது என்று மகள் வந்து சொன்னாள். அதன் பிறகு கொட்டிலில் சத்தமே இல்லை. அவர் சோற்றை அளைந்துவிட்டு எழும்புவார். நண்பர்கள் இருவரும் வரவில்லை. கேட்டதைப் பிள்ளையார் தந்துவிட்டார், என் நேர்த்தி அப்படியே நிற்கிறது, பாட ஆளில்லை. அதைவிட, சிறுவயதில் இருந்து ஒன்றாகத் திரிந்த மூன்று பேரை என் ஆசை பிரித்துவிட்டதே என்று நினைத்து நினைத்து அழுதேன்.

ட்ரம்ஸை ஏற்றிக்கொண்டு போக ஒருநாள் மேசனும் வாத்தியாரும் வந்தார்கள். இனி மறைக்க ஏலாது என்று முற்றத்துக்கு வந்து, மருமகனின் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

"மருமகன், நான் ஒரு பிழை விட்டுட்டன்."

எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் வாய் திறந்தபடி நின்றார். "நேர்ந்தது நீங்க, பாடுறது நாங்களா மாமி?"

வாத்தியார் கரும்பலகைக்கு முன்னால் நிற்பது போல யோசித்துவிட்டுக் கேட்டார். "போன் கோல் வரணும் எண்டு மட்டும்தானா நேர்ந்தீங்க?"

"ஓம் மகன்."

"அப்ப பிள்ளையார் தன்ட பங்கச் சரியாச் செய்திட்டார். குழப்பினது நாமதான்."

"தொலைக்காட்சிக்காரன ஏமாத்தினது காணும்டா" என்றார் மேசன். "பிள்ளையாரோட எனக்குச் சோலி வேணா. அவர்ட தும்பிக்கை நீளம்."

மருமகன் நிலத்தைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார். "ஆக்கள் இல்லாத நேரமா வைங்க மாமி. ஆக்கள் என்னப் பார்த்துக் கைதட்டினா, நான் பாடுறனா, பாடுற மாதிரி நடிக்கிறனா எண்டு எனக்கே விளங்காமப் போயிடுது. பயத்தில குழப்பிப்போட்டு ஓடி வாறன்."

எங்கள் வீட்டுக்கு வந்த நான்கு வருடத்தில் அவர் என்னோடு கதைத்த ஆக நீளமான கதை அதுதான். ஆட்கள் இல்லாத நேரமாகப் பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

எங்கள் வயல் வெட்டி இரண்டாம் நாள், காலை பத்து மணி போல, ட்ரம்ஸையும் ஜெனரேட்டரையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வட்டைக்குப் போனோம். நாங்களும் பூசாரியாரும் மட்டும்தான். கொஞ்சம் தள்ளி ஒரு வெட்டு மெசின் ஓடிக்கொண்டிருந்தது. நானும் மகளும் பொங்கல் பானையை ஏற்றினோம். மருமகன் மேடைப் பழக்கத்தில் வயலைப் பார்த்து நின்றார்.

"தம்பி, இஞ்சால கிறுகுங்க" என்றார் பூசாரியார். "நேர்த்தி ஆருக்கு, கொக்குக்கா?"

மூவரும் வட்டைக்கு முதுகைக் காட்டி, பிள்ளையாரைப் பார்த்து நின்றார்கள். முதல் பாட்டு நடுங்கி நடுங்கிப் போனது. இரண்டாவது பாட்டில் கை கால் பழைய மாதிரி ஆடத் தொடங்கியது. அப்போதுதான் கவனித்தேன், மெசின் சத்தம் நின்றுவிட்டது. வரம்பால் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். மெசின்காரர், மூட்டை தூக்குகிறவர்கள், கதிர் பொறுக்குகிற பெண்கள். செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தடியில் நின்று கைகூப்பினார்கள். வட்டைக்குப் பொறுப்பான விதானையார்கூட மோட்டார்சைக்கிளில் வந்து தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

மருமகன் ஒருமுறை திரும்பினால் போதும், எல்லாம் முடிந்தது. என் வாக்கும் பொய்யாகும். மகள் என் கையைக் கிள்ளிக்கொண்டு நின்றாள்.

மூவரும் தங்களுக்குள் ஏதோ குசுகுசுத்தார்கள். மூன்றாவது பாட்டு தொடங்கியது. தோணிப் பாட்டு! இழுக்காமல், ஒளிக்காமல், கொட்டிலில் பாடுகிற அதே வேகத்தில். நடுவில் பானை பொங்கி வழிந்தது. நாங்கள் பெண்கள் எல்லோரும் சேர்ந்து குரவையிட்டோம். மேசனுக்கு உற்சாகம் வந்து, குரவைக்கு ஈடாக அடித்தார் பாருங்கள், மருத மரத்தில் இருந்த காகம் எல்லாம் எழும்பிவிட்டன. மருமகன் பாடிக்கொண்டே சிரித்தார். சிரித்துக்கொண்டே கடைசி வரிவரை பாடி முடித்தார்.

பிறகு திரும்பினார்கள். ஐம்பது பேருக்குக் குறையாது. மருமகனின் முகம் வெளிறிப்போனது. ஒருவரும் அசையவில்லை. ஒரு கைதட்டல் இல்லை. மேசனால் பொறுக்க முடியவில்லை.

"என்ன, ஒருத்தரும் கைதட்டல்ல? அவ்வளவு மோசமா?"

"உங்களுக்கு ஏன் மனே கைதட்டுற?" என்றார் விதானையார். "பிள்ளையாருக்கெல்லோ பாடினீங்க. அவரத்தான் கும்பிட்டம். இப்ப பொங்கலப் போடுங்க, பசிக்குது."

மருமகன் சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த முடியாமல், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு வாழை இலைத் துண்டுகளை எடுத்துத் தானே எல்லோருக்கும் பொங்கல் கொடுத்தார். கதிர் பொறுக்க வந்த ஒரு பெண் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள், "அந்தத் தோணிப் பாட்டு ஆர்ட பாட்டு?"

"நம்மடதான்" என்றார் மருமகன்.

அந்தக் கிழமையே பாட்டை மீண்டும் இணையத்தில் போட்டார்கள். கொழும்பில் இருந்து பிறகு ஒருவரும் அழைக்கவில்லை. போன மாதம் டவுனில் ஒரு விழாவில் சனம் அதே பாட்டைப் பாடச் சொன்னது. முழுதாகப் பாடினார்கள். இரண்டு இடத்தில் பிழை வந்தது. ஓடவில்லை, நின்று பாடி முடித்தார்கள். நானும் முன்வரிசையில் இருந்தேன்.

இப்போதும் பிள்ளைகளுக்காகத் தினமும் கும்பிடுகிறேன்; ஆனால் இதைக் கொடு, அதைக் கொடு என்று பிள்ளையாருக்கு நான் சொல்லிக்கொடுப்பதில்லை, ஏனென்றால் நான் கேட்டது கொழும்பில் இருந்து ஒரு போன் அழைப்பு, அவர் தந்ததோ கையில் பொங்கல் இலையோடு நின்று "நம்மடதான்" என்று நிமிர்ந்து சொன்ன ஒரு மருமகனை.