மாலைதீவுக்குப் போன கங்காணி

என் வீட்டுக்காரர் ராமச்சந்திரன் இலங்கையில் ருவான்வெல்லைப் பக்கத்தில் ஒரு றப்பர் தோட்டத்தில் கங்காணி. நான் அதே தோட்டத்தில் பால் வெட்டுகிறேன். அவருக்கு எதைத் தொட்டாலும் அருவருப்பு. பஸ் கம்பியைப் பிடித்துவிட்டு வந்தால் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவுவார். தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கிற லயத்துக் கக்கூஸைக் கழுவுகிற கன்னையா கையிலிருந்து அவர் எதையும் வாங்கியதில்லை. ஒரு கல்யாண வீட்டில் கன்னையாவின் மகன் சோறு பரிமாற வந்தான் என்று இலையை மடித்துவிட்டு எழுந்து போனவர். இந்த மனிதரோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியதில் என் பொறுமையெல்லாம் தேய்ந்துவிட்டது.

எங்கள் மகள் ஷாமிளா மாலைதீவில் ஒரு கடற்கரை ஹோட்டலில் இருக்கிறாள். என்ன வேலை என்று அவளும் விளக்கமாகச் சொல்லவில்லை, நாங்களும் துருவவில்லை. இவரோ "மக ஒபீஸ்ல இருக்கா" என்று தோட்டம் முழுக்கத் தம்பட்டம் அடித்து வைத்திருந்தார். மழைக்காலத்தில் அங்கே அறைகள் சும்மா கிடக்குமாம். வேலை செய்கிறவர்களின் தாய் தகப்பன் ஒரு வாரம் வந்து தங்கலாமாம். போனோம்.

எனக்கு அந்தக் கடல் பிடித்தது. விடியுமுன் வாளியைத் தூக்கிக்கொண்டு மலையேற வேண்டாம், அட்டைக்கடி இல்லை. மணலில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் அறையைவிட்டு வந்தாலே முகத்தைச் சுளிப்பார். குளியலறைக்குக் கூரை இல்லை என்று ஒரு புலம்பல். வெள்ளைக்காரர்கள் ஒரு கடி கடித்துவிட்டு ஒதுக்கிய மீனும் இறைச்சியும் தட்டுத் தட்டாகக் குப்பைக்குப் போனதைப் பார்த்து எனக்கும் அருவருப்பாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

ஷாமிளா மட்டும் இரண்டு வேளையும் எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவருவாள். அப்போதுதான் அவர் முகம் மலரும். "எம்மக கை பட்டா தனி ருசி," என்பார்.

நான்காம் நாள் காலையில், இரவெல்லாம் குடித்துக் கும்மாளமிட்ட பக்கத்து அறைக்காரர்கள் படகேறிப் போனார்கள். கதவு திறந்து கிடந்தது. இவர் போய் எட்டிப் பார்த்தார், நானும் பின்னால் போனேன். கட்டிலெல்லாம் வாந்தி. கக்கூஸ் கிடந்த கிடையை நான் எழுதப்போவதில்லை. துவாயால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றே சத்தம் போட்டார்.

"சீ, இதக் கழுவுறதும் ஒரு பொழப்பா? இங்கயும் ஒரு கன்னையா இருப்பான் போல. அவன் கையால பச்சத்தண்ணி குடிப்பாங்களா மனுசங்க?"

உள்ளே குளியலறையிலிருந்து ஷாமிளா வந்தாள். முழங்கைவரை மஞ்சள் கையுறை, ஒரு கையில் வாளி, மறுகையில் பிரஷ். கூட வேலை செய்யும் சிங்களப் பிள்ளை வந்து, இன்னும் இரண்டு அறை கிடக்கிறது என்றாள். வருகிறேன் என்று ஷாமிளாவும் சிங்களத்திலேயே சொன்னாள். வாளியோடு எங்களைத் தாண்டி அடுத்த அறைக்குப் போனாள்.

அன்று பின்னேரமும் தேத்தண்ணி வந்தது. "குளிச்சிட்டுத்தாம்பா வந்தேன்," என்றாள்.

"வயிறு சரியில்ல. வச்சிட்டுப் போ."

அவள் போனாள். தேத்தண்ணி ஆறி, மேலே ஆடை படர்ந்தது.

"ஒங்க மகதானே?" என்று கேட்டேன்.

"மகதான். இல்லன்னு சொன்னேனா? மனசு ஒப்ப மாட்டேங்குது, நான் என்ன செய்ய," என்றார். ஓங்கி ஒன்று போடலாம் போலிருந்தது.

மறுநாள் காலையில் ஷாமிளா எனக்கு மட்டும் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தாள். அவருக்கு முன்னால் சுடுதண்ணிக் கேத்தலையும், பிளாஸ்டிக் பிரிக்காத ஒரு பேப்பர் கப்பையும், தேயிலைப் பொட்டலத்தையும் வைத்தாள்.

"நான் எதையும் தொடலப்பா. நீங்களே ஊத்திக்குங்க."

அவர் வெட்கப்படுவார், அவள் கையைப் பிடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் முகம் தெளிந்தது. "இதுதாம்மா நல்லது," என்று நிம்மதியாகச் சொல்லிவிட்டு, பிளாஸ்டிக்கைப் பிரித்து ஊற்றிக் குடித்தார். பக்கத்து அறை வாந்தியைப் பார்த்தபோதுகூட எனக்கு அப்படிக் குமட்டவில்லை.