சீப்புச் சின்னத்தில் நின்ற வருஷம்

பெண்களுக்கென்று வார்டு ஒதுக்கி முதன்முதலில் நடந்த நகராட்சித் தேர்தலில் நான் நின்றேன். தோற்றேன். தொண்ணூறுகளின் நடுவில், ஸ்ரீவில்லிபுத்தூரில். மடவார் வளாகம் சிவன் கோயிலைத் தாண்டி, தாழ்வான ஒரு தெருவில் அப்போது எங்கள் வீடு. வீட்டுக்காரருக்கு ராஜபாளையம் மில்லில் ஷிப்டு வேலை. நான் வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட்டும் உள்பாவாடையும் தைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தெருவில் சாக்கடை கிடையாது. மழை பெய்தால் மேட்டுத்தெருத் தண்ணீர் முழுக்க எங்கள் வாசலுக்குத்தான் வரும். பெருமழை என்றால் உள்ளேயே வந்துவிடும். கட்டில் காலுக்குச் செங்கல் வைத்து, அரிசி டின்னை மேலே தூக்கி வைத்து, விடியும்வரை உட்கார்ந்திருப்போம். தேர்தல் வருகிறது என்றதும் பக்கத்து வீட்டு மதினிதான் முதலில் ஆரம்பித்தாள்.

"நீ நில்லுட்டி. நீ வாயத் தொறந்தா ஆபீசருக்கே பதில் வராது. நாங்க அம்புட்டுப் பேரும் இருக்கோம்லா."

வீட்டுக்காரர் சிரித்தார். "நம்மகிட்ட என்ன இருக்குன்னு நிக்கப் போற?"

"வீடு வீடாப் போகக் கால் இருக்குல்ல?" என்றேன்.

கட்சி ஏதும் இல்லாத எனக்குச் சீப்புச் சின்னம் கிடைத்தது. தையலை ஓரமாக வைத்துவிட்டு வார்டு முழுக்க நடந்தேன். போன வீட்டிலெல்லாம் தண்ணீர் கொடுத்தார்கள், குங்குமம் கொடுத்தார்கள். "உனக்குப் போடாம யாருக்குப் போடப் போறோம்" என்றார்கள். ஒவ்வொரு முகத்தையும் அப்படியே நம்பினேன். ஜெயித்தால் முதல் கூட்டத்தில் என்ன பேச வேண்டும் என்றுகூட மெஷினை மிதித்துக்கொண்டே சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

ஓட்டு எண்ணியது ஒரு பள்ளிக்கூடத்தில். சீட்டுகளைப் பிரித்துக் கட்டுக் கட்டாக அடுக்கினார்கள். எதிரில் நின்ற அரிசிக்கடைக்காரர் மனைவியின் கட்டுகள் மேஜையில் உயர்ந்துகொண்டே போயின. எனக்கு ஒரு கட்டே முழுசாகச் சேரவில்லை. எங்கள் தெருவில் இருக்கிற ஓட்டுகூட அதில் இல்லை. டெபாசிட் போயிற்று.

திரும்பி வரும் வழியில் அவர்களுடைய ஊர்வலம் எதிரே வந்தது. ஒரு பூக்கடை ஓரமாக ஒதுங்கினேன். அரிசிக்கடைக்காரர் ஜீப்பில் நின்று எல்லோருக்கும் கையசைத்தார். ஜெயித்த அந்தப் பெண் மாலைக்குள் தலையைக் குனிந்தபடி, யார் என்று பார்க்காமலே என்னையும் சேர்த்துக் கும்பிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் மோசம். தைக்கக் கொடுத்தவர்கள் துணி வாங்க வந்துதானே ஆக வேண்டும்? வந்தார்கள். தோளில் டேப்பை வைத்து அளவெடுக்கும்போதே, இவள் போட்டிருப்பாளா, மாட்டாளா என்று மனசு ஓடும். ஒரு ஜாக்கெட்டில் கையை மாற்றித் தைத்துவிட்டேன். இன்னொன்றுக்கு இடுப்பைக் குறுக்கிவிட்டேன். பக்கத்து வீட்டு மதினி என் கண்ணில் படவே இல்லை. நான் கொல்லைப்பக்கம் போனால் அவள் வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும். மில்லில் வீட்டுக்காரரிடம், "சீப்பு எப்படிவே இருக்கு?" என்று கேட்டார்களாம். அவர் என்னிடம் சொல்லவில்லை. வேறு ஆள் சொல்லித்தான் தெரியும்.

தாங்க முடியாமல் வத்திராயிருப்பில் இருந்த என் அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். அங்கே யாருக்கும் எங்கள் வார்டைப் பற்றிக் கவலை இல்லை. தூங்கினேன், சாப்பிட்டேன், மறுபடி தூங்கினேன். அப்படி ஒரு காலையில் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்து மழை பிடித்தது. அக்கா வெளியே காய்ந்த துணிகளை எடுக்க ஓடினாள். நான் என் பையை எடுத்தேன்.

"எங்கட்டி கெளம்பிட்ட? செத்த நேரம் பொறுத்து மழை விட்டதும் போயேன்."

"அவிய ஷிப்டுல இருப்பாவ. வீட்டுல தண்ணி ஏறிரும்க்கா. நான் போறேன்."

பஸ்ஸில் ஜன்னலோரம் நனைந்துகொண்டே வந்தேன். தெருவில் கெண்டைக்கால் அளவு தண்ணீர். என் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே மதினி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு தட்டால் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள். சாவி எப்போதும் அவளிடம்தான் ஒன்று இருக்கும். என் மெஷினைக் கட்டில் மேல் ஏற்றி வைத்திருந்தாள்.

என்னைப் பார்த்ததும் தட்டைக் கீழே போட்டாள். "எங்க வீட்டு அவிய அந்த அரிசிக்கடையிலதான மூட்டை தூக்குதாவ. அவங்களுக்குத்தான் ஓட்டுன்னு வீட்டோட சத்தியம் வாங்கிட்டாங்கட்டி. எனக்கு வேற வழி தெரியல."

பையைக் கட்டில் மேல் போட்டுவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகினேன். நான் அழுதால் அவளும் அழுவாள், தண்ணீர் அப்படியே நிற்கும். "சரி, அந்த வாளிய எடுங்க மதினி" என்றேன். சாயங்காலம்வரை இரண்டு பேரும் அள்ளினோம். என் வீடு முடிந்ததும் அவள் வீடு.

மறுநாள் காலையில் நான் அரிசிக்கடைக்காரர் வீட்டுக்குக் கிளம்பினேன். வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. "தோத்த பொறவு அங்க எதுக்குப் போய் நிக்கணும்?"

"தோத்தது நான்தான். தண்ணி எல்லாரு வீட்டுக்கும்லா வந்திருக்கு."

அந்தப் பெண் என்னைவிடச் சின்னவள். என்னைக் கண்டதும் பதறி எழுந்தாள், காபி போட்டுக் கொடுத்தாள். அவள் புருஷன் கடைக்குப் போயிருந்தார். சண்டைக்கு வரவில்லை என்று தெரிந்ததும் மெதுவாகச் சொன்னாள்: "மொதக் கூட்டத்துல நான் வாயே தொறக்கலக்கா. எல்லாரும் இங்கிலீசும் கணக்குமாப் பேசுதாங்க. எனக்கு எங்க ஆரம்பிக்கன்னே தெரியல."

"எங்க தெருவுல இருந்து ஆரம்பிங்க. இப்பவே வாங்க" என்றேன்.

வந்தாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் கடைசி வீடுவரை நடந்தாள். ஊறிப்போன பாய்களையும், சுவரில் தண்ணீர் நின்ற கறையையும் பார்த்தாள். அதற்குப் பிறகு கூட்டத்துக்கு முந்தின நாளெல்லாம் என் வீட்டுக்கு வருவாள். நான் தைத்துக்கொண்டே அதிகாரி மாதிரிக் குறுக்குக் கேள்வி கேட்பேன். அவள் பதில் சொல்லிப் பழகுவாள். தடுமாறினால் மறுபடியும். நான் ஜெயித்தால் பேசுவதற்காக வைத்திருந்த பேச்சை அப்படியே அவளுக்குக் கொடுத்தேன். கொடுக்கும்போது வலிக்காமல் இல்லை.

முதல் தடவை அவள் கூட்டத்தில் சாக்கடை கேட்டபோது நடக்கவில்லை. அடுத்த தடவையும் தள்ளிப் போனது. நானும் மதினியும் இன்னும் சில பெண்களும் சேர்ந்து நகராட்சி ஆபீசுக்கே நடந்தோம். அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் சாக்கடை வேலை தொடங்கியது. ஆனால் தெருக் கோடியில் சில வீடுகள் பாக்கி இருக்கும்போதே வேலை நின்றுவிட்டது. என் வீடும் அதில் ஒன்று. வீட்டுக்காரர் கதவில் சாய்ந்துகொண்டு என் முகத்தையே பார்த்தார். நான் சேலையை மாற்றிக்கொண்டு மறுபடி ஆபீசுக்குப் போனேன்.

புதிதாக மாற்றலாகி வந்திருந்த அதிகாரி ஒருவர் அங்கே இருந்தார். தெருவின் நீளம், மண் எந்தப் பக்கம் சரிவு, தண்ணீர் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று நான் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, "நீங்கதான் அந்த வார்டு கவுன்சிலராம்மா?" என்றார்.

"இல்ல சார். அந்த வார்டுல நின்னு தோத்தவ."

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். மீதி வேலையைப் பற்றிப் பேசி முடிக்க மதியம் ஆனது. பொங்கல் கழிந்து என் வீட்டு வாசலில் ஜல்லி வந்து இறங்கியது.