சர்வர் அறை வீட்டுக்காரர்

சாப்பாட்டு டப்பாவை அவர் வைப்பது கணினி சர்வர்கள் நிற்கும் அடுக்கின் பின்பக்கத்தில். முன்பக்கம் குளிர்காற்று உள்ளே போகும். பின்பக்கம் அதே காற்று சூடேறி வெளியே வரும். அன்றைக்கு எந்த இயந்திரம் அதிகம் உழைக்கிறதோ அதன் பின்னால்தான் டப்பா. மதியம் மூடியைத் தொட்டுப் பார்த்து, "இன்னைக்கு இவனுக்கு வேலை கம்மி போல, சாப்பாடு ஆறிப்போச்சு" என்பார்.

முழங்கையில் நூல் பிரிந்த ஸ்வெட்டர், நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி, பையில் எப்போதும் ஒரு ஸ்குரூ டிரைவர். விசிறிகளின் இரைச்சலுக்குள்ளேயே நின்று பழகியதால் எங்கே போனாலும் உரக்கத்தான் பேசுவார். கடையில் பால் பாக்கெட் கேட்டால்கூட சண்டைக்கு வந்தவர் போலிருக்கும்.

அலுவலகத்தில் அவருக்கு வீட்டுக்காரர் என்று பெயர். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவர் விளக்கம் சொல்லும் விதத்தால் வந்த பெயர் அது. ஒரு பெரிய சர்வரை மென்பொருளால் அறை அறையாகத் தடுத்து, அதற்குள் பல கணினிகள் இருப்பதுபோல் ஓடவிட்டிருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நிறுவனத்தின் வேலை நடக்கும். பக்கத்தில் இன்னொன்று இருப்பதே அதற்குத் தெரியாது. "சர்வர்தான் வீடு. உள்ள இருக்கிறதெல்லாம் குடித்தனம். ஒவ்வொருத்தனும் வீடு முழுக்கத் தன்னுதுன்னு நினைச்சிட்டிருக்கான். கூரை விழுந்தாத்தான் எல்லாரும் தெருவுல ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்குவாங்க."

அவருடைய மனைவிக்கு வங்கியில் வேலை. மாற்றல் உத்தரவு எந்த ஊரைச் சொல்கிறதோ அங்கே சின்ன மகளோடு குடியிருப்பாள். அந்த ஊருக்கே தன்னையும் மாற்றச் சொல்லி இவர் கேட்காத வருஷம் இல்லை. சர்வர் இருக்கிற இடத்தில்தானே உங்களுக்கு வேலை என்று மேலாளர் சிரித்தபடியே திருப்பி அனுப்பிவிடுவார். "ஊர்ல இருக்கிற குடித்தனத்துக்கெல்லாம் நீங்க வீட்டுக்காரர். எனக்கு மட்டும் போன்லதான்" என்று மனைவி குத்திக்காட்டுவாள்.

போன வாரம் அவளுக்கு இன்னும் தூரமான ஊருக்கு மாற்றலாயிற்று. அவளும் மகளும் போகும் ரயில் மதியம் இந்த ஊரில் கொஞ்சநேரம் நிற்கும். பிளாட்பாரத்துக்கு வருவதாக இவர் வாக்குக் கொடுத்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டையைக் காலையிலேயே கொண்டுவந்து அடுக்கின் கதவில் மாட்டியும் வைத்திருந்தார்.

அன்று பார்த்து ஒரு சர்வர் தானாக அணைந்து எழுந்தது. மறுபடியும் அணைந்தது. உள்ளே இருந்த குடித்தனங்களையெல்லாம் பக்கத்து இயந்திரங்களுக்குக் கிளப்பிவிட்டார். ஒன்றை மட்டும் கிளப்ப முடியவில்லை. அது ஒரு ரத்த வங்கியுடையது. அதற்கென்றே வாங்கிய தனிக் கருவி ஒன்று அந்த இயந்திரத்தில் மட்டுமே பொருத்தியிருந்தது. அங்கே ஊழியர்கள் எல்லாவற்றையும் கையால் எழுதிக்கொண்டு காத்திருந்தார்கள்.

அந்த நேரத்தில், இவர் மொபைலை எடுக்காததால், மனைவி ரயிலிலிருந்து அலுவலக வரவேற்பறைக்குப் போன் செய்தாள். அங்கே இருந்த பெண் வேலைக்குப் புதிது. எங்க வீட்டுக்காரர் இருக்காரா என்று கேட்டவளிடம், "வீடு காலையிலேயே விழுந்திருச்சும்மா. வீட்டுக்காரர் உள்ளதான் இருக்கார்" என்றாள். மனைவி போட்ட சத்தத்தில் ரயில் பெட்டியே கூடிவிட்டது. இவர் ஓடிவந்து விஷயத்தைச் சொன்னதும் இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அடங்கியதும் அவள்தான் கேட்டாள்.

"வந்துடுவீங்கல்ல?"

"இன்னொரு தடவை விழட்டும். வந்துடறேன்."

சர்வர் தானே எழுதிவைக்கும் பிழைப் பதிவு ஒரு மெமரி அட்டையைக் குற்றம் சொல்லியது. புதுசைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கண்ணே என்று பக்கத்துப் பேட்டரி அறையைப் பார்த்துக்கொள்பவர் விரட்டினார். வீட்டுக்காரர் கேட்கவில்லை. "குத்தம் ஆளோட போகுதா, இடத்தோட நிக்குதான்னு தெரியணும். தெரியாமக் கிளம்பினா இது திரும்ப விழும். அப்ப ரத்தம் வாங்க வந்தவன் வாசல்ல நிப்பான்." அந்த அட்டையைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகினார், அங்கிருந்ததை இங்கே செருகினார். இயந்திரத்துக்கு மூச்சுமுட்ட வேலை கொடுக்கும் ஒரு சோதனையை ஓடவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

இனி அது விழ வேண்டும். விழுந்தால்தான் தெரியும். காலையெல்லாம் தொப்பென்று விழுந்த இயந்திரம் இப்போது கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. "விழாதடான்னா விழறான். விழுடான்னா நிக்கிறான்" என்று பல்லைக் கடித்தார். வரவேற்பறைப் பெண் எட்டிப் பார்த்து, வண்டி ஸ்டேஷனுக்கு வந்துவிட்டதாம் என்று மெல்லச் சொன்னாள். அவர் சட்டையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், எழுந்திருக்கவில்லை.

திரை அணைந்தது. இயந்திரம் எழுந்ததும் பதிவைப் படித்தார். அட்டை இடம் மாறியும் குற்றம் பழைய இடத்திலேயே நின்றது. அட்டை நல்ல அட்டை. அது செருகியிருந்த இடம்தான் கெட்டிருந்தது. புது அட்டையைப் போட்டுவிட்டுக் கிளம்பியிருந்தால் சர்வர் மறுபடி விழுந்திருக்கும். அந்த இடத்தைக் காலியாக விட்டு, மிச்ச மெமரியில் சோதனையை ஓட்டிப் பார்த்து, ரத்த வங்கியை எழுப்பினார். எல்லாம் ஓடுகிறது என்று அவர்கள் வாயால் கேட்ட பிறகுதான் மொபைலை எடுத்துக்கொண்டு கட்டடத்தின் பின்பக்க நடைக்குப் போனார். அந்த நடையின் சுவருக்கு அப்பால் ரயில் பாதை. ஜன்னல் கிடையாது.

"இடத்துலதான் குத்தம்" என்றார்.

"அப்ப ஆளு நல்லாத்தான் இருக்காரா?" அவள் சிரிக்க முயன்றாள். "வண்டி நகருதுங்க. பாப்பா ஜன்னலை விட்டு வரமாட்டேங்குறா. உங்க கட்டடம் எப்படி இருக்கும்?"

"மஞ்சச் சுவர். நீளமா இருக்கும். வேற ஒண்ணும் தெரியாது."

அதற்குமேல் போனில் அவள் குரல் காதில் விழவில்லை. வண்டியின் சத்தம் நெருங்கிவிட்டது. அவர் ஸ்வெட்டர் கையை மேலே ஏற்றி, உள்ளங்கையைச் சுவரில் முழுதாகப் பதித்து, வண்டி கடக்கும்போது எழுந்த சுவரின் நடுக்கம் நிற்கும்வரை அப்படியே வைத்திருந்தார்.