இரண்டு புள்ளி

ஆவி, பேய் என்று யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் டேலி கிளார்க்காக இருந்தவன், கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளைக் கரையில் நின்று எண்ணுகிற வேலை. எண்ண முடிந்தால் அது உண்டு, எண்ண முடியாவிட்டால் அது இல்லை, இதுதான் என் எழுபத்தாறு வயதுப் படிப்பு. நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பப்போவதில்லை என்பதும் தெரியும். எதிர்வீட்டு ரிட்டயர்ட் வாத்தியாரிடம் சொன்னேன், பாதியிலேயே மாத்திரை எல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். ஒழுங்காகத்தான் சாப்பிடுகிறேன், காலையில் நான்கு, இரவில் மூன்று. நடந்ததை நடந்த வரிசையில் வைக்கிறேன், ஒன்று கூட்டவில்லை, ஒன்று குறைக்கவில்லை.

என் அக்காவைக் கட்டியவர் சூசை மச்சான். சங்கு குளிக்கிறவர். எங்கள் கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு, குளிக்கிறவன் இடுப்பில் கட்டிய கயிற்றை மேலே வள்ளத்தில் இருந்து பிடிப்பவன் அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும். சொந்தத் தம்பி பிடித்தால் சொத்துக்கு ஆசைப்பட்டு அசந்துவிடுவான், மச்சான்காரனோ கூடப்பிறந்தவள் தாலி அறுவதைப் பார்க்கமாட்டான் என்பது பெரியவர்கள் போட்ட கணக்கு. கல்லூரி விடுமுறையிலும், வேலை கிடைக்கும்வரையிலுமாக நான்கு வருஷம் நான் அவருக்குக் கயிறு பிடித்தேன். முதல் நாள் நான் வள்ளத்தில் ஏறும்போது அக்கா தண்ணீருக்குள் முழங்கால்வரை இறங்கி வந்து, "ஏலே, எந் தாலி ஒங் கையில இருக்கு, பராக்கு பாக்காத" என்றாள்.

கயிற்றில் ஒரு சுண்டு வந்தால் கால் தரையில் பட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த நொடியிலிருந்து நான் மனதுக்குள் எண்ண ஆரம்பிக்க வேண்டும், வாய் திறக்கக்கூடாது, வேறு எதையும் பார்க்கக்கூடாது. இரண்டு சுண்டு வந்தால், இழு. அதுவரை எண்ணிக்கையை நிறுத்தக்கூடாது. இவ்வளவுதான் எங்கள் கயிற்றுப் பாஷை. அவர் கடலடியில் அதிகம் இருந்தது எண்பத்துமூன்று எண்ணிக்கை. அதை அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார், என் எண்ணிக்கைதான் சாட்சி.

ஆழத்தில் இறங்கி இறங்கி மச்சானுக்குக் காது சவ்வு இரண்டும் போய்விட்டது. அறுபது வயதில் முழுச்செவிடு. எட்டு வருஷத்துக்கு முன் அக்கா இறந்ததும் மகன் ஜெரால்டு அவரைச் சிங்கப்பூருக்குக் கூட்டிப் போய்விட்டான். செவிடரோடு போனில் என்ன பேசுவது, வீடியோவில் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருவரும் கையை ஆட்டுவோம், அதற்குமேல் ஒன்றுமில்லை. செல்போனில் எழுத்து இரண்டு பேர் கண்ணுக்கும் தெரியாது. அதனால்தான் என் மகள் ஸ்டெல்லா, கல்யாணமாகி எங்கள் வீட்டிலேயே இருப்பவள், வீட்டுக் கம்ப்யூட்டரில் சாட் புரோகிராம் போட்டுத் தருகிறேன் என்றாள். அங்கே ஜெரால்டும் அவருக்கு ஒன்று போட்டுக் கொடுத்தான்.

ஒரு சனிக்கிழமை முழுவதும் அதற்குப் போனது. புரோகிராமை இறக்கி, பெயர் கொடுத்து, பாஸ்வேர்டை நான் மூன்று முறை தப்பாக அடித்து, தமிழ் எழுத்து வர வேறொன்றைச் சேர்த்து, எழுத்தைப் பெரிதாக்கி, செய்தி வந்தால் மணி அடிக்க வைத்து, எல்லாம் பதினான்கு படிகள், நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கடைசியில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. அவர் ஏதோ டைப் செய்துகொண்டிருப்பதாகத் திரையில் வந்தது. நான் எண்ணினேன், ஐம்பத்திரண்டு வரை போயிற்று. வந்தது ஒரே ஒரு புள்ளி.

"இது என்னப்பா, தெரியாம கை பட்டுருச்சா?" என்றாள் ஸ்டெல்லா.

எனக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. சளி என்று சொல்லிவிட்டேன். ஒரு புள்ளி, ஒரு சுண்டு. யாரும் சொல்லிக் கொடுக்காமல் மச்சான் கயிற்றைத் தேடிப் பிடித்துவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் மாலை நான்கு மணி. அவர் ஒரு புள்ளி போட்டு வருவார், பேச்சு முடிந்தால் இரண்டு புள்ளி போடுவார், நான் மூடுவேன். ஐந்தாம் வகுப்புப் படித்தவர், ஒற்றை விரலால் தட்டுவார், ஒரு வரிக்கு நாற்பது எண்ணிக்கைக்குக் குறையாது. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான், "காத்து எங்கன?" நான் மொட்டைமாடியில் பார்த்துவிட்டு வந்து மேற்கே இருந்து கச்சான் என்றோ வடக்கே இருந்து வாடை என்றோ சொல்வேன், வெளியே நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களின் எண்ணிக்கையும் சொல்வேன். இப்படி இருநூற்றுப் பதினொரு நாள். நடுவில் எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தபோது மட்டும் ஆறு நாள் விட்டுப்போயிற்று.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை. நான்கு மணிக்கு உட்கார்ந்தேன், பச்சை விளக்கு இல்லை. நான்கு ஏழுக்கு மணி அடித்தது. ஒரு புள்ளி இல்லாமல் நேராக இரண்டு புள்ளி. என்ன மச்சான், வந்ததும் கிளம்புகிறீர் என்று அடித்தேன். நான்கு ஒன்பதுக்கு மறுபடியும் இரண்டு புள்ளி. எனக்கு எரிச்சல். அன்றைக்கு வெளியே பதினொரு கப்பல், இரண்டு மாதத்தில் அதுதான் அதிகம், அதைச் சொல்லத்தான் மாடிக்கு இரண்டு முறை ஏறி இறங்கியிருந்தேன், ஸ்டென்ட் வைத்த நெஞ்சோடு. நான்கு பன்னிரண்டுக்கு மூன்றாவது முறை இரண்டு புள்ளி. "சரி வே, போரும்" என்று அடித்துவிட்டுக் கம்ப்யூட்டரை நிறுத்தினேன்.

புதனும் வியாழனும் நெட் இல்லை என்றாள் ஸ்டெல்லா. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு ஒரு புள்ளியோடு மச்சான் வந்தார். சிங்கப்பூரில் நல்ல மழை, சாப்பிட்டியா மாப்ள, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சரசரவென்று வந்தது. ஒரு வரிக்கு ஆறு எண்ணிக்கைகூட ஆகவில்லை. "தேறிட்டீரு மச்சான்" என்று பாராட்டினேன். சிரிக்கிற பொம்மை ஒன்று வந்தது. காற்றைப் பற்றி அவர் கேட்கவில்லை. மழையில் மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது, இருபத்திமூன்று நாள் மறந்திருப்பார் என்றே நினைத்தேன்.

இருபத்திமூன்றாவது நாள் பேச்சோடு பேச்சாக, உம்ம எண்ணிக்கை ஞாபகம் இருக்கா என்று கேட்டேன்.

"அறுபது இருக்கும் மாப்ள" என்று வந்தது.

சூசை மச்சான் தன் பெயரை மறப்பார், ஞானஸ்நானத்தை மறப்பார், எண்பத்துமூன்றை மறக்கமாட்டார். நான் எழுந்து அடுக்களைக்குப் போனேன். ஸ்டெல்லா சாளை மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏளா, அங்கன இருந்து டைப் அடிக்கது யாரு?"

"மாமாதான். வேற யாரு?"

"மாமாவுக்கு என்ன ஆச்சு?"

அவள் கை நின்றது. குழாயை மூடினாள். "இருபத்தஞ்சி நாளாச்சுப்பா" என்றாள்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவள் ஓடிவந்து என் நெஞ்சில் கையை வைத்தாள், மீன் செதில் சட்டையெல்லாம் ஒட்டியது.

"ஒங்களுக்கு ஸ்டென்ட் வச்சி ரெண்டு மாசம் ஆவலப்பா. அதிர்ச்சியா எதும் சொல்லக்கூடாதுன்னு டாக்டரு சொன்னாருல்லா. ஜெரால்டு அத்தானும் நானும் சேந்துதான் முடிவெடுத்தோம்."

"அதுக்கு செத்தவரு பேருல எழுதுவியளோ?"

"நாலு மணி அடிச்சா பள்ளிக்கூடப் புள்ள மாரி போயி உக்காந்துருதிய. நாங்க என்ன செய்யச் சொல்லுதிய?"

"புள்ளி வைக்க அவனுக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

"பழசையெல்லாம் படிச்சிப் பாத்தாரு."

"கயிறு எங் கையிலல்லா இருந்துச்சி. எனக்குச் சொல்லாம வேற யாருக்குளா சொன்னிய?"

வேறு யாருக்குச் சொன்னார்கள் என்பதையும் அன்று மாலையே எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது பேர். பங்குச்சாமியார், உபதேசியார், பால்காரர், எதிர்வீட்டு வாத்தியார், எல்லாருக்கும் தெரியும். கூட்டத்தில் மூச்சு முட்டும் என்று மூன்று ஞாயிறு என்னைப் பூசைக்கு விடாமல் வைத்தது, அங்கே ஜெபத்தில் அவர் பெயர் வாசிப்பார்கள் என்பதால். தெருவில் மீன் விற்கிற அன்னம்மா ஒரு நாள், "அண்ணாச்சி ஒடம்பப் பாத்துக்கிடுங்க" என்று எட்டுச் சாளை கூடுதலாகப் போட்டாள். நான் இரண்டு முறை எண்ணிவிட்டுச் சந்தோஷப்பட்டேன். அது துக்கத்துக்குப் போட்ட மீன். பத்தொன்பது பேர் நடுவில் நான் ஒருத்தன் மட்டும் செத்தவரோடு சிரித்துப் பேசிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

மறுநாள் ஜெரால்டுக்குப் போன் போட்டேன். அவன் அழுதான். நான் அழவில்லை, எனக்குக் கேட்க வேண்டியது இருந்தது.

"எப்பம்லே?"

"செவ்வாக்கெழம மாமா. காலையிலேயே சுருண்டு விழுந்துட்டாவ. மூளையில ரத்தக்கசிவுன்னாங்க. நெனவே திரும்பல. சாயங்காலம் ஆறு நாப்பத்திநாலுக்கு."

இரண்டரை மணி நேரம் கழித்தேன். நம் கடிகாரத்துக்கு நான்கு பதினான்கு.

"அன்னைக்கு நாலு மணிக்கும் நீதான் புள்ளி போட்டியா?"

"அன்னைக்கா? நாங்க எல்லாரும் ஆஸ்பத்திரியிலல்லா இருந்தோம். நான் வெள்ளிக்கெழமதான் மாமா மொத மொத ஒங்களுக்கு எழுதுனேன். அப்பா கம்ப்யூட்டரு வீட்டுல மூடிக் கெடந்துச்சி, வீடும் பூட்டிக் கெடந்துச்சி."

"போயி தொறந்து பாரு. செவ்வாக்கெழம, நாலு ஏழு, நாலு ஒம்பது, நாலு பன்னெண்டு."

அவன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். முந்நூறு எண்ணிக்கைக்குமேல் ஆயிற்று.

"இங்கன ஒண்ணுமே இல்ல மாமா. திங்கக்கெழமைக்கு அப்புறம் நீங்க அனுப்புனது ரெண்டுதான் இருக்கு. என்ன மச்சான் கெளம்புதீருன்னு ஒண்ணு. சரி வே போரும்னு ஒண்ணு."

என் பக்கத்தில் மூன்றும் இருந்தன. ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். என்னோடு சண்டை போட்டுப் பேசாமல் இருந்தவள், திரையைப் பார்த்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அதனால் எனக்குக் கண் தெரியாமல் போய்விட்டது என்று சொல்லாதீர்கள், அவள் கண்ணும் பார்த்திருக்கிறது.

இரண்டு புள்ளிக்கு நான் என்ன அர்த்தம் வைத்திருந்தேன்? பேச்சு முடிந்தது, மூடு என்று. இருநூற்றுப் பதினொரு நாளில் பழகிப்போய்விட்டது. அதற்கு முந்தைய அர்த்தம் என் கைக்குத் தெரியும், தலைக்கு மறந்துவிட்டது. எனக்குத் துரோகம் செய்துவிட்டார்கள் என்று முந்தின நாள் வீடு அதிரக் கத்தினேன். அவர் மூன்று முறை இழு என்று கேட்டார். நான் போரும் என்று சொல்லி நிறுத்திவிட்டேன்.

ஜெரால்டு அந்த வாரமே அவருடைய சாட் கணக்கை எடுத்துவிட்டான். என் திரையில் அவர் பெயர் சாம்பல் நிறமாகிவிட்டது, எழுதினாலும் போகாது. புரோகிராமையே எடுத்துவிடட்டுமா என்று ஸ்டெல்லா கேட்டாள், வேண்டாம் என்றேன். பழக்கதோஷம், நான்கு மணிக்கு உட்காருவேன், அதைப் பார்த்துக்கொண்டு இருப்பேன், எழுந்துவிடுவேன். ஒன்பதாம் நாள் நான்கு ஏழுக்கு மணி அடித்தது. சாம்பல் பெயருக்குக் கீழே ஒரு புள்ளி.

ஒன்றுதான். கால் தரையில் பட்டுவிட்டது.

நான் எண்ண ஆரம்பித்தேன். வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்? ஸ்டெல்லா காப்பி கொண்டுவந்து என்னப்பா என்றாள், கையைத் தூக்கிப் பேசாதே என்று காட்டினேன். எண்பத்துமூன்று கடந்தது. ஐந்நூறு கடந்தது. ஆயிரம், இரண்டாயிரம். வெளிச்சம் போய் அவள் விளக்கைப் போட்டாள். இரண்டு புள்ளி வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

இரண்டு சுண்டு வராமல் எண்ணிக்கையை நிறுத்தக்கூடாது என்று சொன்னேன் அல்லவா. சாப்பிடும்போதும் இதை எழுதும்போதும் உள்ளே அது பாட்டுக்கு ஓடுகிறது, நொடிக்கு ஒன்று. அதுகூடப் பெரிதில்லை, கிழவனுக்கு வந்த ஒரு வியாதி என்று நானே வைத்துக்கொள்வேன். என்னைக் கலங்க வைப்பது வேறு. தூங்கும்போது எங்கே விட்டேன், விழித்தபோது எங்கே இருக்கிறது என்று நோட்டில் குறித்துவைக்கிறேன். நேற்று மத்தியானம் சாய்ந்தது ஒரு மணி ஐந்து நிமிஷத்துக்கு, விழித்தது இரண்டு ஐம்பத்தைந்துக்கு. நூற்றுப்பத்து நிமிஷம். எண்ணிக்கை ஆறாயிரத்து அறுநூறு கூடியிருந்தது, ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. அந்த நூற்றுப்பத்து நிமிஷமும் நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன் என்று ஸ்டெல்லா சொல்கிறாள்.