தரம் ஒன்றில் பேசாத ஒரு பிள்ளை

ஆரம்பக் கல்வியில் பட்டம் படித்த நான்கு வருடங்களில் நான் மிக அழகாக எழுதியது, ஐந்து வயது முடிந்த ஒரு பெண் பிள்ளையைப் பற்றி. பன்னிரண்டு பக்கம். தலைப்புகளுக்குச் சிவப்புக் கோடு போட்டிருந்தேன். அத்தனையும் தப்பு.

மூன்றாம் வருடத்தில் எங்களைக் கற்பித்தல் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பத்து வாரம் ஒரு பள்ளிக்கூடத்தில் கற்பிக்க வேண்டும். அதோடு ஒரு பிள்ளையைத் தெரிந்தெடுத்து, அதற்கு இருக்கும் பிரச்சினையைக் கண்டுபிடித்து, காரணத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் தனியாள் ஆய்வு. எனக்குக் கிடைத்தது புளத்கொகுபிட்டியவிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் ஏறிப் போக வேண்டிய ஒரு தோட்டப் பள்ளிக்கூடம். தரம் ஒன்றின் டீச்சர் பிரசவ விடுமுறையில் போயிருந்தார். புதிதாகச் சேர்ந்த பதினாறு பிள்ளைகளை அப்படியே என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நானும் கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பிள்ளைதான். எங்கள் பேச்சில் சிங்களம் தானாக வந்து விழும். பல்கலைக்கழக விடுதிக்குப் போகும்வரை அது எனக்கே தெரியாது. போனில் அம்மாவிடம் 'சரி' என்பதற்கு "ஹரி, ஹரி" என்று சொல்லி வைத்தால், ஹட்டனிலிருந்து வந்த அறைத்தோழி, "பஜனை முடிஞ்சிருச்சா?" என்று கேட்பாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டுக் குளியலறையில் போய் அழுதிருக்கிறேன். எனக்கு ரோஷம் அதிகம். ஒரே வருடத்தில் என் பேச்சிலிருந்த சிங்களத்தைச் சலித்து எடுத்துவிட்டேன். என் வகுப்பில் ஒரு பிள்ளைகூட நாளைக்கு இப்படிச் சிரிப்பு வாங்கக் கூடாது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

இரண்டாம் வாரமே எனக்கு அந்தப் பிள்ளை கிடைத்துவிட்டாள். ஜன்னலோரம் இருப்பாள். பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்பாள், வாய் திறக்க மாட்டாள். பசுவின் படத்தைக் காட்டி என்ன இது என்றால் படத்தைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், அவ்வளவுதான். எது பசு என்று கேட்டால் சரியாகத் தொட்டுக் காட்டுவாள். பின்னால் நின்று கை தட்டினேன், திரும்பினாள். 'செவிப்புலன் சரி' என்று எழுதினேன். 'பேச்சு விருத்தியில் தாமதம்' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். என்னோடு படித்தவர்கள் ஆய்வுக்குப் பிள்ளை தேடி அலையும்போது எனக்கு இவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் சந்தோஷப்பட்டது உண்மை.

அதிபரிடம் சொன்னேன். நல்ல மனிதர், அதிகம் பேச மாட்டார். "நீங்க எழுதிக் குடுங்க டீச்சர். அத வச்சுத்தான் கேகாலை ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். அங்க பாத்துட்டு விசேட அலகுல சேக்கச் சொன்னா, சேத்துரலாம்" என்றார். விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான அந்த அலகு இருக்கும் பள்ளிக்கூடம் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய தூரத்தில் இருக்கிறது. பிள்ளை அங்கே போவதா இங்கே இருப்பதா என்பது என் பன்னிரண்டு பக்கத்தில் இருந்தது. அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது. ஒவ்வொரு இடைவேளையிலும் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அவளைப் பற்றி எழுதினேன். அந்த நேரத்தில் அவள் வெளியே என்ன செய்கிறாள் என்று ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை.

ஆறாம் வாரம் வீட்டைப் பார்க்கப் போனேன். ஆய்வில் அதற்கும் ஒரு தலைப்பு இருந்தது. அவர்கள் லயத்து வரிசை வீடுகளில் இல்லை. தோட்டம் முடிகிற இடத்தில், பூசாத கல் வீடு. அப்பா சிங்களவர், மேசன் வேலை. அம்மா நம்மவர், ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவர். பகல் தாண்டித்தான் வீட்டில் இருப்பார் என்று பள்ளிக்கூடம் விட்டதும் நடந்தேன். ரப்பர் மரங்களுக்கு நடுவே இறங்கும்போதே ஒரு பிள்ளையின் குரல் கேட்டது.

"இங்க வாடா, பத் கன்ன வா. ஓடாத. வராட்டி எனக்குக் கேந்தி வரும்."

சோறு தின்ன வா, வராவிட்டால் கோபம் வரும் என்று ஒரு நாய்க்குட்டியை மிரட்டிக்கொண்டிருந்தாள். பாதி தமிழ், பாதி சிங்களம். மூச்சு விடாமல் பேசினாள். பேச்சு விருத்தியில் தாமதமாம். என்னைக் கண்டதும் வாய் மூடிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதிரை போட்டார். பிளேன்டீ கொடுத்தார். நான் கேட்பதற்கு முன்னால் அவரே கேட்டார்.

"பெரிய சார் சொன்னாருங்க டீச்சர். கேகாலைக்குக் கூட்டிக்கிட்டுப் போகணுமாமே. என்னைக்குன்னு சொன்னீங்கன்னா கங்காணிகிட்ட முன்கூட்டியே சொல்லிருவேன்."

"அக்கா, வீட்டுல நல்லாப் பேசுறா போலயே?"

"வீட்டுல வாயே மூடாதுங்க. பள்ளிக்கூடத்துலதான் பயம்."

"எதுக்குப் பயம்?"

அவர் தயங்கினார். குற்றம் சொல்வதாக நான் எடுத்துக்கொள்வேனோ என்று என் முகத்தைப் பார்த்தார்.

"மொத நாள் வத்துர வேணும்னு கேட்டிருக்கு. தமிழ்ல சொன்னாத்தான் டீச்சருக்குக் காது கேக்கும்னு நீங்க சொன்னீங்களாமே. நல்லதுக்குத்தானே சொன்னீங்க. ஆனா டீச்சர், நாங்க ரெண்டையும் கலந்துதான் பேசுவோம். அதுக்கு எது தமிழு, எது சிங்களம்னு தெரியாதுங்க. எதச் சொன்னாலும் தப்பாயிருமோன்னு பேசாமலே இருக்கு. அன்னைக்குத் தண்ணி குடிக்காமத்தான் வீட்டுக்கு வந்துச்சு."

அப்படி ஒரு விஷயம் நடந்ததே எனக்கு நினைவில்லை. சத்தியமாக இல்லை. எத்தனை முறை யோசித்தும் அந்த முதல் நாளில் அவள் முகம் எனக்கு வரவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொல்லியிருப்பேன். வகுப்பும் சிரித்திருக்கும். வத்துர என்றால் தண்ணீர் என்று எனக்குத் தெரியாதா? நான் வளர்ந்ததே அந்த வார்த்தையைச் சொல்லித்தான். என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் என்னிடம் செய்ததை நான் ஒரு சின்னப் பிள்ளையிடம் செய்திருக்கிறேன், அதுவும் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு. தேநீரை மடமடவென்று குடித்துவிட்டு எழுந்தேன். கேகாலைக்குப் போக வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் வகுப்பில், எந்த மொழியில் பேசினாலும் டீச்சருக்கு நன்றாகக் காது கேட்கும் என்று சொன்னேன். பதினைந்து பிள்ளைகள் தலையாட்டினார்கள். அவள் அசையவில்லை. நான் அவளிடம் மன்னிப்பும் கேட்டேன், குனிந்து, தனியாக. அதற்கும் பேசாமல் நின்றாள். சரி, சொல்லிப் பிரயோசனமில்லை, செய்து காட்டுவோம் என்று நானே கலந்து பேச ஆரம்பித்தேன். மூன்று வருடம் அடக்கி வைத்த வார்த்தைகள், அணை உடைந்த மாதிரி வந்தன. வகுப்புக்கு ஒரே குஷி. எட்டாம் வாரத்தில் ஒரு நாள், "எல்லாரும் பொத்த எடுங்க" என்றேன். பிள்ளைகள் பைகளைத் திறந்தார்கள். அவள் எழுந்து என் மேசைக்கு வந்தாள். என் சேலையைப் பிடித்து இழுத்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாள்:

"புத்தகம்னு சொல்லுங்க டீச்சர்."

என்னைத் திருத்த வரவில்லை அவள். எனக்கும் ஏச்சு விழுந்துவிடுமோ என்று காப்பாற்ற வந்திருந்தாள். அத்தனை வாரமும் சும்மா இருந்தாள் என்றா நினைத்தேன்? ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து, இது இந்தப் பக்கம், இது அந்தப் பக்கம் என்று தனியாகப் பிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆமா, புத்தகம்" என்றேன்.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினாள். நான் பன்னிரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டுப் புதிதாக நான்கு பக்கம் எழுதினேன். 'பிரச்சினைக்கான காரணம்' என்ற தலைப்பின் கீழ், 'பயிற்சி ஆசிரியை முதல் நாள் பேசிய பேச்சு' என்று எழுதினேன். அதிபர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத இப்படியே குடுக்கப் போறீங்களா டீச்சர்? மார்க்ஸ் குறைஞ்சிருமே."

"குறையட்டும் சார்."

அவர் கேகாலைக்கு அனுப்ப வைத்திருந்த படிவத்தை எடுத்து இரண்டாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். எனக்கு மார்க்ஸ் குறைந்ததுதான். அதில் வருத்தம் இல்லை.

பட்டம் முடிந்து, நியமனம் கிடைத்து, இப்போது பக்கத்துத் தோட்டத்தில் கற்பிக்கிறேன். போன தவணை அந்தப் பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டிக்கு உதவியாகப் போனபோது அவளைப் பார்த்தேன். தரம் மூன்று. என்னை அடையாளம் கண்டு ஓடி வந்தாள். நாய்க்குட்டி பெரிய நாயாகிவிட்டது, அப்பா வீட்டைப் பூசிவிட்டார் என்றெல்லாம் சொன்னாள். நல்ல தமிழ். ஒரு வார்த்தை கலக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வசனத்தையும் தொடங்குவதற்கு முன்னால், மூச்சை இழுத்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். அவளோடு வந்த பிள்ளைகள் யாரும் அப்படி நிற்கவில்லை.